செரட்டோனின் கதை பொய்த்துவிட்டால் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் கணவர் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். வயது 43. போன வருடக் கடைசியில் தூக்கம் போய், பசி குறைந்து, பாடம் எடுக்கவே பிடிக்காமல், ஒரு கட்டத்தில் "நான் இல்லாமல் போனால் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். மனநல மருத்துவர் பார்த்துவிட்டு மனச்சோர்வு நோய் என்று சொல்லி எஸ்சிட்டலோபிராம் கொடுத்தார். நாலாவது வாரத்தில் தூக்கம் திரும்பியது. அப்புறம் மெல்ல மெல்லப் பழைய மனிதர் ஆனார். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. "மனச்சோர்வுக்கும் செரட்டோனினுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆராய்ச்சி வந்துவிட்டது, இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று சொல்லி அவராகவே மாத்திரையை நிறுத்தினார். நாலாம் நாள் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டு வெட்டாக. பயந்துபோய் மறுபடி போட்டார், சரியாகிவிட்டது. "பார்த்தாயா, இது போதைப்பொருள்தான்" என்கிறார். என் செரட்டோனின் அளவை ரத்தத்தில் எடுத்துக் காட்டினால்தான் மேற்கொண்டு சாப்பிடுவேன் என்று பிடிவாதம். இன்னொரு நேரம், "கெமிக்கலில் குறை இல்லையென்றால் குறை என்னிடம்தானே" என்று உட்கார்ந்துவிடுகிறார். அவருடைய அப்பாவுக்கும் இந்தத் தொல்லை இருந்ததாம். எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவரிடம் நான் என்ன சொல்வது, டாக்டர்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் படித்தது பொய்யில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு. வேதியியல் ஆசிரியர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதை அவரிடமே படிக்கக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. "நான் இல்லாமல் போனால்" என்று அவர் சொன்னது சிகிச்சைக்கு முன்பு. இப்போது அந்த எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்டதில் பாரம் இறங்கியவர்கள்தான் அதிகம். வருகிறது என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ராத்திரி நேரமானால் அவசரப் பிரிவுக்கு.

சரி, செரட்டோனினுக்கு வருவோம். மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று அது.

இந்தக் கதை ஒரு காசநோய் மருந்தில் தொடங்குகிறது. இன்றும் காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியாசிட்டில் ஓர் ஐசோபுரொப்பைல் தொகுதியைச் சேர்த்தால் கிடைப்பது இப்ரோனியாசிட். 1952 வாக்கில் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் அதைக் கொடுத்துப் பார்த்தபோது, படுத்த படுக்கையாக இருந்த நோயாளிகள் எழுந்து சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். வார்டில் நடனமாடிய படங்கள்கூடப் பத்திரிகையில் வந்தன. அந்த மருந்து மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதியை முடக்குவது தெரிந்தது. செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமைன் என்ற மூன்று சேதிப் பொருள்களையும் உடைக்கும் நொதி அது. இவற்றை அமீன்கள் என்போம். கொஞ்ச காலத்தில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர், மனச்சிதைவு நோய்க்கென்று வந்த இமிபிரமின் அந்த நோய்க்குப் பயன்படாமல் மனச்சோர்வுக்குப் பயன்படுவதைப் பார்த்து 1957-இல் எழுதினார். நரம்பணு தான் வெளியே விட்ட நார்அட்ரினலினைத் தானே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது, இமிபிரமின் போன்ற மருந்துகள் அந்த இழுப்பைத் தடுக்கின்றன என்று ஜூலியஸ் ஆக்சல்ராட் காட்டினார். 1970-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு எதிர்ப்பக்கமும் இருந்தது. சர்ப்பகந்தா செடியிலிருந்து எடுத்த ரெசர்பின் இந்த அமீன்களைக் காலி செய்துவிடும். ரத்தக்கொதிப்புக்காக அதைச் சாப்பிட்ட சிலர் சோர்ந்துபோனதாகக் குறிப்புகள் வந்தன.

கூட்டிப் பார்த்தால் என்ன தோன்றும்? அமீன் குறைந்தால் சோர்வு, கூடினால் தெளிவு. 1965-இல் ஜோசப் ஷில்ட்கிராட் நார்அட்ரினலினை மையமாக வைத்து இதை ஒரு கருதுகோளாக எழுதினார். 1967-இல் அலெக் காப்பன் செரட்டோனின் பக்கம் வாதாடினார். இருவருமே இதை முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. 1987-இல் அமெரிக்காவில், செரட்டோனின் திரும்ப இழுக்கப்படுவதைத் தடுக்கும் ஃபுளுவாக்செட்டின் மருந்து அனுமதி பெற்றபின், "மூளையில் வேதிச் சமநிலை கெட்டுவிட்டது, இந்த மாத்திரை அதைச் சரிசெய்யும்" என்று விளம்பரங்கள் அதை ஒற்றை வரியாகச் சுருக்கின. எங்கள் துறையிலும் நிறையப் பேர் அந்த வரியைச் சொல்லித்தான் நோயாளிகளைச் சமாதானப்படுத்தினார்கள். சொல்ல எளிதாக இருந்தது, கேட்பவருக்கும் பழி நீங்கியது போல இருந்தது.

ஆனால் ஆய்வகத்தில் இந்தக் கதை எப்போதோ ஆட்டம் கண்டுவிட்டது. செரட்டோனின் உருவாக டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் வேண்டும். உணவில் அதை மட்டும் இல்லாமல் செய்து செரட்டோனின் உற்பத்தியைச் சில மணி நேரத்தில் குறைக்க முடியும். இதற்கு முன் மனச்சோர்வே வராத ஆரோக்கியமானவர்களுக்கு அப்படிச் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. செரட்டோனின் மருந்தால் குணமாகியிருப்பவர்களுக்குச் செய்தால் அவர்களில் பலருக்குத் தற்காலிகமாகச் சோர்வு திரும்புகிறது. அப்படியானால் செரட்டோனினுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் அது குறைவதுதான் நோய் என்று சொல்ல முடியாது. 2022-இல் ஜோவன்னா மோன்கிரீஃபும் சக ஆய்வாளர்களும் இதுவரையான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, குறைந்த செரட்டோனினால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். உங்கள் கணவர் படித்தது இதைப் பற்றித்தான் இருக்கும். அந்தக் கட்டுரை ஆராய்ந்தது காரணத்தை. மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை, மருந்தையும் வெற்று மாத்திரையையும் யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்து ஒப்பிடும் சோதனைகளில் இருக்கிறது. 2018-இல் இப்படிப்பட்ட சோதனைகளும் மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டவையுமாக 522 சோதனைகளை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆராய்ந்த 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. வித்தியாசம் சராசரியில் மிதமானதுதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு நன்றாகக் கேட்கும் மருந்து இன்னொருவருக்குக் கேட்காது. உங்கள் கணவருக்குக் கேட்டிருக்கிறது.

வேலை செய்யும் மருந்துக்கு விளக்கம் பின்னால் வருவது மருத்துவத்தில் புதிதில்லை. ஆஸ்பிரின் 1899-இலிருந்து விற்பனையில் இருக்கிறது. அது புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதை ஜான் வேன் காட்டியது 1971-இல்.

இப்போது உங்கள் கணவருக்குப் பிடிக்கக்கூடிய புதிர் ஒன்று. எஸ்சிட்டலோபிராம், இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ் என்ற இடத்தில் செரட்டோனினைத் திரும்ப இழுக்கும் புரதத்தில் போய் உட்கார்ந்துகொள்ள சில மணி நேரம் போதும். ஆனால் அவருக்குத் தூக்கம் திரும்பியது நாலாவது வாரத்தில். குறையை நிரப்புவதுதான் மருந்தின் வேலை என்றால் மறுநாளே தெளிந்திருக்க வேண்டாமா? அந்த இடைப்பட்ட வாரங்களில் என்ன நடக்கிறது என்று தேடிப் போனதில்தான் மனச்சோர்வு பற்றிய இன்றைய மூலக்கூறு உயிரியல் பிறந்தது என்று சொல்வேன்.

ஒரு பகுதி விடை, செரட்டோனினை அனுப்பும் நரம்பணுக்களிலேயே இருக்கிறது. சுற்றிலும் செரட்டோனின் கூடிவிட்டது என்று தெரிந்ததும் அவற்றின் மேலுள்ள 1ஏ வகை ஏற்பிகள், அதாவது சேதியை வாங்கும் புரதங்கள், "போதும்" என்று அனுப்புவதைக் குறைத்துவிடும். இந்தத் தடை தளர வாரக்கணக்கில் ஆகும். இன்னொரு பகுதி, சேதி வாங்கும் நரம்பணுவுக்குள் நடப்பது. சில செரட்டோனின், நார்அட்ரினலின் ஏற்பிகள் தூண்டப்பட்டால் உள்ளே சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு கூடும். அது புரோட்டீன் கைனேஸ் ஏ நொதியை எழுப்பும். அந்த நொதி, அணுக்கருவில் இருக்கும் கிரெப் என்ற புரதத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். பாஸ்பேட் ஒட்டிய கிரெப் டிஎன்ஏவில் சில மரபணுக்களை இயக்கும். அவற்றில் முக்கியமானது பிடிஎன்எஃப் மரபணு. பிடிஎன்எஃப் என்பது நரம்பணுக்களை வாழவும் வளரவும் வைக்கும் புரதம். ஈவ்-அலென் பார்டேயும் ஹான்ஸ் தோனனும் 1982-இல் அதைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது டிரெக்-பி என்ற ஏற்பியில் சேர்ந்தால் நரம்பணுவின் கிளைகளில், இணைப்புகள் அமையும் முட்கள் போன்ற சிறு முளைகள் புதிதாக முளைக்கும், பலவீனமான இணைப்புகள் உறுதிப்படும். மரபணு இயங்கி, புரதம் உருவாகி, இணைப்பு வளர்ந்து, அது பழக்கத்தில் வர நாள் பிடிக்கும்தானே.

நீடித்த மன அழுத்தம் இதற்கு நேர் எதிராகப் போகிறது. அழுத்தம் வந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சிஆர்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கும், அதனால் பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் ஹார்மோனைச் சுரக்கும், அதனால் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரக்கும். கார்ட்டிசால் மூளைக்குத் திரும்பிப் போய் ஏற்பியில் சேர்ந்து "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டும். மனச்சோர்வு வந்தவர்களில் ஒரு பகுதியினரிடம், குறிப்பாகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிடம், இந்த நிறுத்தல் சரியாக நடப்பதில்லை. எலிகளை நாள்கணக்கில் அழுத்தத்தில் வைத்தால் நினைவுக்கும் சூழலை உணர்வதற்கும் உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியிலும் முன்மூளைப் புறணியிலும் நரம்பணுக் கிளைகள் சுருங்கி முட்கள் உதிர்கின்றன. மனிதர்களில், திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சராசரியாகச் சற்றே சிறிதாக இருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. கார்ட்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயில் மனச்சோர்வு மிகச் சாதாரணம், சுரப்பைக் குறைத்தால் பலருக்கு மனமும் தெளியும். "குறை என்னிடம்தானே" என்று கேட்கும் உங்கள் கணவர் இந்த ஒன்றை மட்டும் யோசித்துப் பார்க்கட்டும். அட்ரினலில் ஒரு கட்டி வந்தவருக்கு மனம் இருண்டால் அதை அவருடைய மனவுறுதியின் குறை என்போமா?

இந்த ஆராய்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2008-இல் இத்தாலியில் நடந்தது. குட்டியாக இருக்கும்போது எலியின் ஒரு கண்ணை மூடி வைத்தால் அந்தக் கண்ணுக்கான மூளை இணைப்புகள் வளராமல் பார்வை மங்கிவிடும். வளர்ந்தபின் கண்ணைத் திறந்துவிட்டாலும் பார்வை வராது, இணைப்புகள் இறுகிவிட்டன. அந்த எலிகளுக்கு வாரக்கணக்கில் ஃபுளுவாக்செட்டின் கொடுத்து, நல்ல கண்ணை மூடி, மங்கிய கண்ணால் பார்க்க வைத்தார்கள். பார்வை மீண்டது. மருந்து மூளையைக் குட்டிப் பருவம் போல நெகிழ வைத்தது, அந்த நெகிழ்வைப் பயன்படுத்திப் பார்வையை மீட்டது கண்ணுக்குக் கிடைத்த பயிற்சி. 2021-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் ஈரோ காஸ்ட்ரென் குழு இன்னும் ஒரு படி போய், இந்த மருந்துகள் டிரெக்-பி ஏற்பியிலேயே நேரடியாக ஒட்டுவதைக் காட்டியது. எலியில் கண்டதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மாத்திரை என்ன செய்கிறது என்பதை இன்று என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: அது மண்ணைக் குழைத்துத் தரும், பானையை வனையாது. தூக்க ஒழுங்கு, நடை, உளவியல் ஆலோசனை, வகுப்பறைக்குத் திரும்புவது, உங்களோடு பேசுவது, இவைதான் வனைகிற கை. மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

கெட்டமின் பற்றியும் அவர் கேட்கலாம், இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். மயக்க மருந்தான அது, குளுட்டமேட் என்ற இன்னொரு சேதிப் பொருளின் என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கிறது. மற்ற மருந்துகள் கேட்காத சிலருக்குச் சில மணி நேரத்திலேயே தெளிவு தருகிறது. அதன் உறவான எஸ்கெட்டமின் மூக்கில் தெளிக்கும் மருந்தாக 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதிலும் சுண்டெலி ஆய்வு ஒன்று சுவையானது. மருந்து கொடுத்தபின் நடத்தை முதலில் மாறியது, உதிர்ந்த முட்கள் பல மணி நேரம் கழித்தே முளைத்தன. புதிதாக முளைத்த முட்களை மட்டும் அழித்தபோது அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. தெளிவு வருவது ஒன்று, தங்குவது வேறு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கணவருக்கு இது தேவைப்படவில்லை. ரத்த அழுத்தம் ஏற்றும், கொஞ்ச நேரம் சுயநினைவைப் பிறழ வைக்கும், தவறாகப் பயன்படுத்தவும் படுகிறது. கண்காணிப்பில்தான் தர வேண்டும்.

அழற்சி வழியும் ஒன்று உண்டு. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு முன்பு தரப்பட்ட இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி, கணிசமானவர்களுக்கு மனச்சோர்வைக் கொண்டுவந்தது. அழற்சிச் சேதிகள் டிரிப்டோஃபேனைச் செரட்டோனின் பக்கம் போகவிடாமல் கைனுரெனின் என்ற வேறு பொருளின் பக்கம் திருப்பிவிடும் நொதியைத் தூண்டுகின்றன. இதை வைத்து, அழற்சியைத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப் மருந்தை மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பயனில்லை, ரத்தத்தில் அழற்சிக் குறியீடு மிகுந்தவர்களுக்கு மட்டும் பயன் தெரிந்தது. மனச்சோர்வு என்ற ஒரே பெயருக்குள் பல பாதைகள் வந்து சேருகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இனி ரத்தப் பரிசோதனை. தயவுசெய்து அதற்குப் பணம் கட்டாதீர்கள். உடலின் செரட்டோனினில் பெரும்பங்கு, 90 சதவீதத்துக்கும் மேல், குடலில் உருவாகிறது. ரத்தத்தில் இருப்பது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சுமந்து திரிவது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது தாண்டாது. ஆகவே ரத்தத்தில் எடுக்கும் அளவு மூளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இன்னும் வேடிக்கை, தட்டணுவும் அதே இழுப்புப் புரதத்தால்தான் செரட்டோனினைப் பிடித்து வைக்கிறது. எஸ்சிட்டலோபிராம் அதையும் தடுப்பதால், மாத்திரை போடுபவரின் ரத்தத்தில் செரட்டோனின் குறைந்துதான் காணும். அந்தச் சீட்டை நம்பினால், நன்றாகத் தூங்கிச் சிரிக்கும் மனிதரை மருந்து கெடுத்துவிட்டது என்று எழுத வேண்டிவரும். தட்டணு விஷயத்தில் நிஜமாகவே கவனிக்க வேண்டியது வேறு. இந்த மாத்திரையோடு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை அடிக்கடி சேர்த்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். அதை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும் என்றால் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பாருங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் ஆளைச் சோர்வில் தள்ளும், சரிசெய்யவும் முடியும்.

அந்தக் கரண்ட் அடித்த உணர்வைப் பற்றி. எஸ்சிட்டலோபிராமின் அரை ஆயுட்காலம், அதாவது உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 30 மணி நேரம். நாலு நாளில் எவ்வளவு மிஞ்சும் என்பதை அவரே கணக்குப் போடட்டும், பத்தில் ஒரு பங்கு போலத்தான். மாதக்கணக்கில் மருந்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்ட ஏற்பிகளுக்கு இது திடீர் வீழ்ச்சி. தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, அந்த வெட்டுகள் எல்லாம் அதனால்தான். உடல் பழகிப்போயிருக்கிறது என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போதைப்பொருள் என்றால் அதற்காக ஏங்க வேண்டும், அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும், கெடுதல் தெரிந்தும் தேடி ஓட வேண்டும். இவர் மாத்திரையைத் தூக்கி எறிந்தவர் ஆயிற்றே.

மகளைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். இரட்டையர் ஆய்வுகளின்படி மனச்சோர்வில் மக்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்குதான் மரபணுவால் வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதும் அதே கணக்கில் அடங்கியிருக்கிறது. "மனச்சோர்வு மரபணு" என்று தனியாக ஒன்று கிடையாது. செரட்டோனினை இழுக்கும் புரதத்தின் மரபணுதான் அது என்று 2003-க்குப் பிறகு பெரிதாகப் பேசப்பட்டது, பெரிய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. 2019-இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து தொடர்புள்ள 102 இடங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஆகவே மகளுக்கு மரபணுச் சோதனை எதுவும் தேவையில்லை. அவள் பெரியவளாகும்போது தூக்கமும் ஆர்வமும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து கெட்டால் காலம் கடத்தாமல் காட்டுங்கள். அப்பா எடுத்த சிகிச்சையை அவளிடமிருந்து ஒளிக்கவும் வேண்டாம்.

கடைசியாக, எத்தனை நாள் சாப்பிடுவது? முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், முழுக்கத் தெளிந்த பிறகும் அதே அளவில் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வோம். அவர் தெளிந்து அத்தனை நாள் ஆகவில்லை. சீக்கிரம் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். விட வேண்டிய காலம் வந்ததும் மருத்துவரோடு பேசி, வாரக்கணக்கில், தேவையானால் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடைசிப் படிகள்தான் இன்னும் மெதுவாக இருக்க வேண்டும், ஏனென்றால் குறைந்த அளவு மருந்தே இழுப்புப் புரதத்தின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருக்கும். அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது நடுவில் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கையில் இருந்ததையெல்லாம் செலவழித்துக்கொண்டு சில நாட்கள் இருந்திருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்து அதையும் சொல்லுங்கள், அவருடைய அப்பாவுக்கு இருந்திருந்தாலும் சரி. அப்படி இருந்தால் இது இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.